ஜெயராணியின் சங்கு

கடலூர் முதுநகரைத் தாண்டிச் சிதம்பரம் ரோட்டில் இருக்கும் அந்த பார் வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கும்போதே ஜெயராணி அக்கம்பக்கம் பார்த்தாள். துப்பட்டாவை எடுத்து முக்காடு போட்டாள். போட்ட பிறகுதான் இன்னும் நாலு பேர் கூடுதலாகத் திரும்பிப் பார்த்தார்கள். எடுத்துவிட்டாள்.

"உள்ள வா ஜெயா. யாரும் கடிச்சிட மாட்டாங்க" என்றான் ஸ்ரீதர். அவன் தோளில் ஒரு மேளம் தொங்கியது.

"எங்கப்பா கடிப்பாரு."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஜெயராணியின் அப்பா தேவசகாயம் பங்குக் கோயிலின் மது ஒழிப்புக் குழுத் தலைவர். இதே பார் திறந்தபோது இதே ரோட்டில் நட்டுவைத்த மாதிரி வெயிலில் உட்கார்ந்து மறியல் செய்தவர். போலீஸ் அவரையும் தெரு ஆட்களையும் வேனில் ஏற்றி, ஒரு கல்யாண மண்டபத்தில் அடைத்து, சாம்பார் சாதம் போட்டு, சாயங்காலம் விட்டது. அப்படிப்பட்டவரின் மகள், அதே பாரில், ஒரு ஓரமாகப் போட்டிருந்த மேடையில் லேப்டாப்பைத் திறந்துகொண்டிருந்தாள்.

வீட்டில் என்ன சொல்லிவிட்டு வந்தாள் தெரியுமா? "மேல ரெக்கார்டிங் வச்சிருக்கேன்பா. யாரும் மாடிக்கு வராதீங்க, கதவையும் தட்டாதீங்க." மாடி ரூமில் லைட்டையும் ஃபேனையும் போட்டுவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, பின்பக்கப் படி வழியாக இறங்கி வந்துவிட்டாள். கீழே அம்மா சவரியம்மாள் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். அப்பா குளித்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் இப்போதும் மகள் தலைக்கு மேலே இருப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

ஜெயராணிக்கு வயது இருபத்து நாலு. ஊர் சவுக்குமேடு. ரோட்டுக்குக் கிழக்கே கெமிக்கல் கம்பெனிகள், மேற்கே சவுக்குமேடு. சாயங்காலம் கடல்காற்று கிளம்பினால் அது கம்பெனிகளைத் தடவிக்கொண்டுதான் அவர்கள் தெருவுக்குள் வரும். ஒருநாள் நெயில் பாலிஷ் வாசனை, ஒருநாள் அழுகின முட்டைக்கோஸ் நாற்றம். மூக்கை வைத்தே கிழமை சொல்லும் ஆட்கள் அங்கே உண்டு.

பன்னிரண்டு வயதில் கோயில் பாடகர் குழுவின் கீபோர்டு அவள் கைக்கு வந்தது. எல்லோரும் பாட்டு வாசிக்கக் கற்றுக்கொள்ள, இவள் மட்டும் ரிதம் பட்டன்களை அமுக்கிக்கொண்டே இருந்தாள். பாடவே மாட்டாள். டுக்கு டிக் டுக்கு டிக். சிதம்பரத்தில் எலக்ட்ரானிக்ஸ் படித்தாள். படித்து முடித்ததும் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஸ்ரீதரின் அப்பா வைத்திருந்த சர்வீஸ் கடையிலேயே வேலைக்குச் சேர்ந்தாள். ஆம்ப்ளிஃபயர், மைக்செட், அதோடு கோயில்களில் பூஜை நேரத்தில் தானாக அடிக்குமே, மோட்டார் வைத்த எலக்ட்ரிக் மேளம், அதையும் ரிப்பேர் பார்க்கும் கடை. ஒருநாள் அந்த மோட்டாருக்கு ஃபேன் ரெகுலேட்டரை மாட்டித் திருகிப் பார்த்தாள். மேளம் தடுமாறியது, நொண்டியது, பிறகு யாரும் கேட்டிராத ஒரு கணக்கில் ஓட ஆரம்பித்தது. ஸ்ரீதர் சால்டரிங் அயர்னைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டான். பக்கத்துக் கடையில் மொபைல் சர்வீஸ் பார்க்கும் மணவாளன் எட்டிப் பார்த்து, "யாரு மச்சான் இத வாசிக்கிறது?" என்று கேட்டான்.

அவ்வளவுதான். மூன்று பேர் சேர்ந்தார்கள். பெயர் 'மூணு ஃபேஸ்'. பாடகர் கிடையாது, வரிகள் கிடையாது, அடி மட்டும்தான். மேளத்தை ஸ்ரீதர் பார்த்துக்கொள்ள, வயர்களையும் பாக்ஸ்களையும் மணவாளன் பார்த்துக்கொள்ள, ஜெயராணி ஊரில் கேட்கும் சத்தங்களைப் போனில் பிடித்துவந்து லேப்டாப்பில் வெட்டி, விரலால் தட்டினால் ஒலிக்கிற ரப்பர் பேடில் ஏற்றுவாள். ஹார்பரில் ஐஸ் உடைக்கும் மெஷின். முதுநகர் ஜங்ஷனில் கூட்ஸ் பெட்டி மோதுகிற சத்தம். கண்டக்டர் விசில். கடைசியாக, சங்கு.

கம்பெனியில் கேஸ் கசிந்தால் ஊதுகிற அபாயச் சங்கு அது. மாதத்தின் முதல் திங்கட்கிழமை காலையில் சோதனைக்காக ஒருமுறை ஊதுவார்கள். ஜெயராணி மொட்டை மாடியில் நின்று பதிந்தாள். பேடில் விரலை வைத்தால் ஏறும், எடுத்தால் இறங்கும். அதை மேளத்தின் மேல் போட்டபோது அவளுக்கே மயிர்க்கூச்செறிந்தது. சின்ன வயதிலிருந்து அவளை ஓடவைத்த சத்தம் இப்போது அவள் விரலுக்கு அடங்கி ஆடியது. பயத்தையே பிடித்துக் கயிற்றில் கட்டின மாதிரி இருந்தது!

முதல் முறை வீட்டில் ஸ்பீக்கரில் போட்டபோது தெருவே ஓடிவந்தது. எதிர்வீட்டு ஞானாம்பாள் ஈரத் துண்டும் கையுமாக வந்து நின்றாள்.

"அடிப் பாவி! அடுப்புல கொழம்ப அப்படியே உட்டுட்டு ஓடியாரேன். நீ இங்க குந்திக்கினு சங்கு ஊதுறியா?"

"பாட்டுக்கு அக்கா. ப்ராக்டீஸ்."

"எந்தூர்லடி சங்கு பாட்டாச்சி?"

அடுத்த நாள் பாதிப் பேர் வந்தார்கள். அதற்கடுத்த நாள் இரண்டு பேர் வெளியே வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அப்புறம் யாரும் வரவில்லை. "அது ஜெயராணி சங்கு" என்று சொல்லிவிட்டு டிவியைச் சத்தமாக வைத்துக்கொண்டார்கள். தெரு பழகிவிட்டது என்று ஜெயராணிக்கு அன்றைக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

பாருக்கு வருவோம். மேனேஜர் தட்சிணாமூர்த்தி நல்ல மனிதர். "சனிக்கெழம ஆனா பூரா பயலும் பாண்டிக்கு வண்டி ஏறிடுறானுங்க. அந்தக் கூட்டத்த இங்கியே புடிச்சி வைக்கணும். நீங்க என்னா வேணா தட்டுங்கம்மா, சத்தம் வந்தா போதும்" என்றார்.

ஷிஃப்ட் முடித்து வந்தவர்கள், மீன்பிடி போட்டுக்காரர்கள், மருந்து கம்பெனி ரெப்புகள், காலேஜ் பையன்கள். பெண் என்று அங்கே இருந்தது ஜெயராணி ஒருத்திதான். கண்ணாடிக் கதவு ஒவ்வொரு முறை திறந்தபோதும் அவள் கண் அங்கே போனது. வெள்ளை வேட்டி தெரிந்தால் போதும், லேப்டாப் திரைக்குப் பின்னால் குனிந்துகொண்டாள்.

"கோயில் மேளத்த ஏன்டா பாருக்குத் தூக்கியாந்தீங்க?" என்று ஒரு குரல்.

"சாமிக்கு வச்சது இல்லண்ணா, கடை மாடல். புதுசு" என்றான் ஸ்ரீதர்.

முதல் உருப்படி தொடங்கியது. கூட்ஸ் பெட்டி மோதியது, மேளம் நொண்டியது. முன் மேஜையில் சட்டைப் பையில் கம்பெனி அடையாள அட்டையோடு இருந்த ஒருவர் சத்தமாகக் கேட்டார்: "தம்பி, மிக்ஸி ரிப்பேரா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. "ஒரு குத்து போடுங்கப்பா!" என்றது இன்னொரு மேஜை. ஜெயராணிக்குக் காது சூடாகிவிட்டது. விரல் தவறி அடி பிசகியது. பிசகினதையே திரும்பத் திரும்பப் போட்டாள். அப்போதுதான் அந்த அட்டைக்காரரின் செருப்புக் கால் மேஜைக்கடியில் தன்னால் ஆடியதைப் பார்த்தாள். ஒரு கால், பிறகு இரண்டு, பிறகு அந்த வரிசையே. ஐஸ் மெஷின் ஓடியபோது போட்டுக்காரர்கள் மேஜையில் தட்டினார்கள், அது தங்கள் சத்தம் என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது!

கடைசி உருப்படிக்கு வந்தார்கள். ஜெயராணி பேடில் விரலை வைத்தாள். சங்கு ஏறியது.

ஒரு நொடி அப்படியே உறைந்தார்கள். பிறகு அட்டைக்காரர் எழுந்து கத்தினார்: "ஏய், நம்ம கம்பெனி சங்குடா!" விசில் பறந்தது. கடலூர்க்காரன் பாதித் தூக்கத்தில் கேட்டாலும் எழுந்து ஓடுகிற சத்தத்துக்கு, அந்தச் சாயங்காலம் ஐம்பது பேர் கை தூக்கி ஆடினார்கள். மேளம் வேகம் பிடித்தது. ஜெயராணி விரலை எடுத்தாள்.

சங்கு இறங்கவில்லை.

பேடு மாட்டிக்கொண்டது என்று நினைத்தாள். தட்டிப் பார்த்தாள். லேப்டாப்பில் அந்தச் சத்தத்தை நிறுத்தினாள். சங்கு ஏறிக்கொண்டே இருந்தது. ஸ்ரீதர் இந்தப் பக்கம் திரும்பி, சூப்பர் என்பதுபோல் தலையாட்டினான். ஜெயராணி ஸ்பீக்கர் வயரை உருவினாள். உருவின வயர் கையில் தொங்குகிறது, சங்கு ஊதுகிறது.

ஸ்ரீதர் பக்கம் பாய்ந்தாள்.

"நிறுத்துங்க! மேளத்த நிறுத்துங்க!"

"இன்னா ஜெயா?"

"நிறுத்துடா!"

மணவாளன் பிளக்கைப் பிடுங்கினான். மேள மோட்டார் உடனே நிற்கவில்லை. டக்... டக்... என்று சுற்றி ஓயும்வரை கூட்டம் "ஒன்ஸ்மோர்!" என்று கத்தியது. கடைசி டக் அடங்கியது. அப்போது எல்லோருக்கும் கேட்டது. கண்ணாடிக்கு வெளியே, தெற்கே, மூச்சு விடாமல்.

அட்டைக்காரரின் கையிலிருந்த கிளாஸ் நழுவியது. "டேய், இது நெசம்டா."

நாற்காலிகள் சாய்ந்தன. கைக்குட்டைகள் வந்தன. தண்ணீர் பாட்டில் கிடைக்காதவன் அதில் சோடாவை ஊற்றி முகத்தைப் பொத்திக்கொண்டான். "வடக்க போங்க, வடக்க போங்க" என்று தட்சிணாமூர்த்தி கதவைப் பிடித்துக்கொண்டு கத்தினார். ஜெயராணி மட்டும் மேடையில் நின்றாள். அவள் கண்ணுக்குள் பார் இல்லை, சவுக்குமேடு இருந்தது. தெரு முழுக்க டிவி ஓடுகிறது. சங்கு கேட்கிறது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அது ஜெயராணி சங்கு. ரெக்கார்டிங் வைத்திருக்கிறாள். மாடியில் லைட் எரிகிறது பார்.

அவள்தான் அவர்களுக்குப் பழக்கிவிட்டாள்.

போனை எடுத்தாள். விரல் வியர்வையில் திரை நகரவில்லை. சுடிதாரில் துடைத்துவிட்டு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மாதாவே, மாதாவே. மறுபடி அடித்தாள்.

"எதுக்குடி போன் பண்ற?" அப்பாவின் குரல். "மேல இருந்து ஒரு சத்தம் குடுத்தா ஆவாதா? மொதல்ல அந்தச் சங்க நிறுத்து. அம்மா செபமால சொல்லிக்கினு இருக்கா."

"அப்பா, அது நான் இல்லப்பா. நெசமாவே ஊதுது. எல்லாரையும் கூப்ட்டுக்கினு கெளம்புங்க."

"ஆமா, நீ இல்ல. சங்கு தானா வந்து நம்ம மாடில குந்திக்கினு ஊதுது."

"நான் மேல இல்லப்பா!"

"எங்க இருக்க பின்ன?"

"சிதம்பரத்துல." வாய் தானாகப் பொய் சொன்னது.

"ஏண்டி, போனுக்குள்ளயும் அதே சங்கு கேக்குது. சிதம்பரத்துக்கு எப்படிக் கேக்கும்? அப்பன்கிட்டயே வெளாடுறியா? நான் மேல வந்தேன்னா..."

"வராதீங்கப்பா, மேல ஏறாதீங்க, நேரமில்ல!" இனி ஒரு வழிதான் இருந்தது.  "நீங்க மறியல் பண்ணீங்களே... அந்த பார்ல இருக்கேன்."

போனில் சங்கு மட்டும். அவள் பக்கத்துச் சங்கும் அவர் பக்கத்துச் சங்கும் ஒன்றாக.

"பார்லயா?"

"ஆமாப்பா. இங்க வாசிக்க வந்தேன். அடிங்க, கொல்லுங்க, என்னா வேணா பண்ணுங்க. இப்ப கெளம்புங்கப்பா. நான் வீட்ல இல்லப்பா. சத்தியமா நான் இல்ல."

 பிறகு போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டார் போல. தூரத்தில், "சவரி! எழுந்துரு! துண்ட நன!" என்று அலறினார். லைன் போய்விட்டது.

ஜெயராணி ரோட்டுக்கு ஓடினாள். தெற்குப் பக்கம் திரும்பியவளை ஸ்ரீதர் கையைப் பிடித்து இழுத்தான்.

"உடுறா! அம்மா அங்க இருக்கா!"

"காத்து நேரா உங்க தெருவுக்குத்தான் போவுது. நீ போனா நடுவுல போய் நிப்ப. அவுங்க இப்படித்தான் வந்தாவணும், வேற வழியில்ல. நில்லு."

நின்றாள். நிற்பது எவ்வளவு கொடுமை! பைக்குகள் வந்தன, மூன்று பேர், நான்கு பேராக. எந்த முகமும் சவுக்குமேடு இல்லை. ஒரு ஆம்புலன்ஸ் எதிர்த்திசையில் போனது. லேசாக அந்த முட்டைக்கோஸ் நாற்றம். தெருவில் ஒவ்வொரு வீடாக எண்ணிப் பார்த்தாள். யாருக்கு வண்டி உண்டு, யாருக்குக் கால் வராது, யார் வீட்டில் கைக்குழந்தை. போனை அடித்தாள். யாரும் எடுக்கவில்லை.

அப்பாவின் குட்டியானை வந்தது. மீனும் ஐஸும் ஏற்றும் அந்தச் சின்ன லாரியின் பின்னால் தெருவே முகத்தில் ஈரத் துண்டோடு நின்றது. ஞானாம்பாளின் வீட்டுக்காரர் சுப்பராயலு ஓட்டிவந்தார். சவரியம்மாள் செபமாலையைக் கையில் சுற்றியபடி இறங்கினாள். ஜெயராணி அவளைக் கட்டிக்கொண்டு தோளுக்கு மேலே தேடினாள்.

"அப்பா எங்கம்மா?"

சவரியம்மாள் அழுதாள். பதில் சொன்னது ஞானாம்பாள்.

"வரலடி. பின்தெருவுல பாதிப் பேரு கெளம்ப மாட்டேன்ட்டாங்க. 'உம் பொண்ண மொதல்ல நிறுத்தச் சொல்லுய்யா'ன்னு கதவத் தொறக்காமலே கத்துறாங்க. உங்கப்பா இன்னா பண்ணாரு தெரியுமா? வீடு வீடாப் போயி கதவ ஒதைக்கிறாரு. 'எம் பொண்ணு வீட்ல இல்ல! பார்ல இருக்கா! பார்ல இருக்கா!'ன்னு கத்துறாரு. எந்தத் தெருவுல கொடி புடிச்சிக்கினு போனாரோ அதே தெருவுல. அதக் கேட்டுத்தாண்டி தொறந்தாங்க. அந்த மனுசன் வாயில அந்த வார்த்த வந்தா நெசமாத்தான் இருக்கணும்னு."

ஜெயராணி ரோட்டோரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

தட்சிணாமூர்த்தி பார் பார்க்கிங்கைத் திறந்துவிட்டு, தண்ணீர் கேன்களை வெளியே உருட்டச் சொன்னார். மது ஒழிப்புக் குழுப் பெண்கள் போர்டைப் பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், பிறகு உள்ளே வந்து கண் கழுவினார்கள். பின்தெரு ஆட்கள் ஷேர் ஆட்டோவிலும் பைக்கிலும் வந்து சேர்ந்தார்கள். ஒவ்வொருவராக எழுந்து பார்த்தாள். அவர் இல்லை. அவர் இல்லை. சங்கு நின்றபோதுகூட அவர் வரவில்லை. சங்கு நின்றது இன்னும் பயமாக இருந்தது.

கடைசியாக ஒரு பால்காரரின் பைக்கில், பின்னால் உட்கார்ந்து வந்தார். வேட்டி முழங்கால்வரை சேறு. கண் இரண்டும் ரத்தமாய்ச் சிவந்து நீர் கொட்டியது. இறங்கி இருமினார், இருமி முடியவில்லை. ஜெயராணி பக்கத்தில் போகப் பயந்து தண்ணீரை நீட்டினாள். பாரின் பெயர் போட்ட டம்ளர் அது. அவர் பார்த்தார். வாங்கிக் குடித்தார்.

அடி விழும் என்று அவள் தோளைக் குறுக்கிக்கொண்டாள். அவர் கை அவள் தலையில் வந்து நின்றது. 

"நல்லாதான் பதிஞ்சிருக்க" என்றார், குரலே எழாமல். "எனக்கே வித்தியாசம் தெரியலடி. நான் பாட்டுக்குக் குந்தியிருந்தேன்."

 அதற்கு மேல் ஒரு திட்டு இருக்க முடியுமா?

கம்பெனியில் ஏதோ வால்வு என்றார்கள். அடைத்துவிட்டோம் என்றார்கள். அதிகாரிகள் வந்தார்கள், போனார்கள். சிலருக்கு இரண்டு நாள் கண் எரிந்தது. பின்தெருப் பெரியவர் ஒருவர் ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பி வந்தார். எல்லோரும் திரும்பி வந்தார்கள். ஜெயராணி அன்றிரவே அந்தச் சத்தத்தை லேப்டாப்பிலிருந்தும் போனிலிருந்தும் அழித்தாள். அழித்த பிறகும் மறுபடி மறுபடி தேடிப் பார்த்தாள், எங்காவது ஒரு துணுக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று.

'மூணு ஃபேஸ்' நிற்கவில்லை. போன மாதம்கூடச் சிதம்பரத்தில் ஒரு காலேஜ் ஹாலில் வாசித்தார்கள். கூட்ஸ் பெட்டி உண்டு, ஐஸ் மெஷின் உண்டு, நொண்டி மேளம் உண்டு. தேவசகாயம் கடைசி வரிசையில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாருக்கு எதிரான மனுவில் இன்னும் அவர் கையெழுத்துதான் முதல்.

ஆனால் மாதத்தின் முதல் திங்கட்கிழமை மட்டும் ஜெயராணி சிதம்பரம் பஸ்ஸை விட்டுவிடுகிறாள். காலையில் சங்கு ஊத ஆரம்பித்ததும் சவுக்குமேட்டில் வீட்டுக்கு வீடு ஆட்கள் வாசலுக்கு வருகிறார்கள். ஒருவரும் கம்பெனிப் பக்கம் பார்ப்பதில்லை. எல்லோரும் அண்ணாந்து அவள் வீட்டு மாடியைப் பார்க்கிறார்கள். அவளும் மொட்டை மாடி விளிம்புக்கு வந்து நின்று, வெறுங்கை இரண்டையும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டுகிறாள்.

"தெரியுதுடி! எறக்கு!" என்று ஞானாம்பாள் கீழேயிருந்து கத்துவாள்.

சங்கு ஓயும்வரை அவள் இறக்குவதில்லை.